இடதுக்கு மூணு

உக்காருங்க, உக்காருங்க. பையை மடியில வச்சுக்கறேன், எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. பழனி வரைக்கும் போறீங்களா? நான் ஒட்டன்சத்திரத்துல இறங்கிருவேன். எப்படியும் இந்த பஸ் இப்போதைக்குப் போய்ச் சேராது. ரெட்டியார்சத்திரத்துக்கிட்ட ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், நாலு நாளா அங்க போயி அரை மணி நேரம் நிக்குது. ஏறுனமா, மாட்டுனமான்னு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. பத்தாவது எழுதியிருக்கறது உங்க பொண்ணா? பதினொண்ணுல சயின்ஸ் எடுக்கப் போகுதா, நல்லது. ட்யூஷன் வேணாம், கோச்சிங் வேணாம், அதுவாப் படிச்சுக்கும்னு சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டுட்டு என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. நான் டீச்சர்ம்மா. சுகந்தின்னு பேரு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், பதினொண்ணு, பன்னெண்டுக்கு விலங்கியல் எடுக்கறேன். சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, அதுவாப் படிச்சுக்கும்னு மட்டும் விட்டுராதீங்க. பத்தாவது வேற, பதினொண்ணு வேற. புதுப் புத்தகத்தைப் பாத்திருக்கீங்களா? தலைக்கு வச்சுப் படுக்கலாம், அம்புட்டுத் தண்டி.

அந்தப் புத்தகம் வந்தப்ப எங்களுக்கே மலைப்பா இருந்துச்சு, பொய் சொல்லல. முன்னெல்லாம் பதினொண்ணாவதுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. நாங்களே கேள்வி எடுப்போம், நாங்களே திருத்துவோம், அப்படியே பன்னெண்டுக்கு அனுப்பிச்சு விட்டுருவோம். பதினொண்ணுக்கும் பப்ளிக்னாங்க, அடுத்தாப்புல புத்தகத்தையும் மாத்துனாங்க. எங்க ஸ்கூல் பொம்பளைப் புள்ளைக ஸ்கூல். எங்க ஹெச்செம்மம்மா மீட்டிங் போட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, நூத்துக்கு நூறு பாஸ் வரணும், வரலேன்னா ஏன் வரலேன்னு ஒவ்வொருத்தரும் எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்த பிறகு என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியும்.

அந்த மே மாசம் முச்சூடும் நான் எங்கயும் போகல. எங்க வீட்டுக்காரர் அவங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கூப்புட்டாரு, போகல. டைனிங் டேபிள்ல உக்காந்து அந்தத் தண்டிப் புத்தகத்தை நாப்பத்தோரு பக்கமா ஆக்குனேன். கையால எழுதுனேன்ம்மா, டைப் அடிக்கல. என் கையெழுத்தைப் பாத்தா அச்சுல கோத்த மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. படமெல்லாம் நானே போட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சுருக்கு வச்சேன். சுருக்குன்னா புள்ளைக மறக்காம இருக்க ஒரு வரி, அவ்வளவுதான்.

இதயம் பாடத்துக்கு நான் வச்சது என்னன்னு கேளுங்க. ‘இடதுக்கு மூணு, வலதுக்கு ரெண்டு.’ இதயத்துக்குள்ள ரெண்டு பக்கமும் கதவு மாதிரி வால்வு இருக்கும். ஒரு பக்கக் கதவுல மூணு இதழ், ஒரு பக்கக் கதவுல ரெண்டு இதழ். எது எந்தப் பக்கம்னு புள்ளைகளுக்குக் குழம்பிக்கிட்டே இருக்கும். இந்த ஒரு வரியைச் சொல்லிட்டா முடிஞ்சது, சாகற வரைக்கும் மறக்காது. கிளாஸ்ல நாப்பத்தாறு புள்ளையும் ஒரே குரல்ல சொல்லும், ரெண்டாவது மாடியில இருக்கறவங்களுக்குக் கேக்கும்.

அந்த நோட்ஸை எங்க டீச்சருங்க வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டேன். என் கெட்ட நேரம்னுதான் சொல்லணும், பிச்சுக்கிட்டுப் போச்சு. எந்தெந்த ஊர்ல இருந்தோ போன். ஒரு டீச்சர், பாத்ததே இல்ல, உங்க நோட்ஸ்தான் எங்க புள்ளைகளுக்கு வேதம்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. ஆனா மனுசங்க இருக்காங்களே. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ நான் பேரு போட்டிருந்தேன், சுகந்தி, முதுகலை ஆசிரியைன்னு. அதை வெட்டிட்டு அவங்கவங்க பேரைப் போட்டு அனுப்புறானுங்க. என் நோட்ஸே எனக்கு ஃபார்வர்டு ஆகி வருது, எவனோ ஒரு ஆளு பேர்ல. நான் ஹெச்செம்மம்மாகிட்டப் போயி அழுதேன். ஒரு மாசம் எனக்கு சோறு எறங்கல, அந்தக் கோவத்துல.

இருங்க, நான் சொல்ல வந்தது அது இல்ல. அதுவாப் படிச்சுக்கற புள்ளை கதையைச் சொல்ல வந்தேன்.

நாகஜோதின்னு ஒரு புள்ள. அவங்க அப்பா எங்க ஊரு காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரு, அம்மா அங்கயே முருங்கைக்காய் கட்டுப் போடும். வீட்ல எழுத்து வாசனை இல்ல. அந்தப் புள்ள யார்கிட்டயும் எதுவும் கேக்காம, தானாப் படிச்சு, பத்தாவதுல நானூத்தி அறுபதுக்கு மேல எடுத்துட்டு எங்ககிட்ட வந்துச்சு. அதுதான் வினையே. தனக்குத்தானே படிச்சுப் பழகுன புள்ளைக்கு டீச்சர்னா ஒரு இது இருக்காது. மரியாதை இல்லன்னு சொல்லல, பாத்தா எந்திரிச்சு நிக்கும், சிரிக்கும். ஆனா நாம தேவையில்ல, அதான் விசயம்.

நான் நோட்ஸ் சொல்ல ஆரம்பிச்சா நாப்பத்தஞ்சு பேனாவும் ஓடும், இவ பேனா மட்டும் நிக்கும். புத்தகத்தைத் தெறந்து வச்சுக்கிட்டு, விரலை வச்சு வரி வரியா வாசிப்பா. ஓரத்துல கேள்வி எழுதிக்குவா. யாருக்குக் கேள்வி? அவளுக்கேதான். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அவளே அதுக்கு பதிலும் எழுதிக்குவா. அப்ப நான் எதுக்கு அங்க நிக்கறேன், சொல்லுங்க. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்ல எல்லாரும் சத்தமா ஒப்பிக்கணும், அதுக்கும் வரமாட்டேன்னுச்சு. வீட்ல தனியா உக்காந்து படிச்சாத்தான் டீச்சர் எனக்கு ஏறுதுன்னு எம்மொகத்துக்கு நேரா சொன்னா.

ஆகஸ்டு மாசம் இதயம் பாடம் நடத்துறேன். போர்டுல படம் போட்டு, பாகம் குறிச்சு, சுருக்கு சொல்லி, எல்லாரும் ஒப்பிச்சாச்சு. இவ எந்திரிக்கறா, கையில புத்தகத்தோட. “டீச்சர், புத்தகத்துல வலது பக்கம்தான் மூணு இதழ்னு போட்டிருக்கு”ங்கறா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா எல்லாருக்கும் கேட்டுருச்சு. எல்லாத் தலையும் ஒரு தடவை அவ பக்கம், ஒரு தடவை என் பக்கம்.

புத்தகத்தை வாங்கிப் பாத்தீங்களான்னு கேக்கறீங்களா? பாக்கல. எதுக்குப் பாக்கணும்? நானே உக்காந்து எழுதுன நோட்ஸ், நாலு மாவட்டத்துல ஓடுது. சட்டுனு எனக்கு ஒரு பதில் தோணுச்சு. “புத்தகத்துல இருக்கறது எதிர்ல நிக்கறவன் பாக்கற படம். நான் போட்டிருக்கறது நம்ம பக்கம் இருந்து பாக்கறது. அதனால இடம் வலம் மாறித்தான் தெரியும், உக்காரு”ன்னேன். எல்லாப் புள்ளைகளும் ஆன்னு பாத்துச்சு. எனக்கே என்னை நெனச்சுப் பெருமையா இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷ அனுபவம்னா சும்மாவா.

உக்காந்துட்டா. விட்டுட்டான்னு நெனச்சேன். மறுநாள் முதல் பீரியடே எந்திரிச்சுட்டா. “டீச்சர், நான் எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் என் வலக்கை வளையல் வலக்கையிலதான இருக்கும்? ரெண்டுலயும் படம் ஒண்ணுதான், நோட்ஸ்ல பக்கத்தோட பேரு மட்டும் மாறியிருக்கு, வால்வு மாறல.”

யோசிச்சிருக்கா பாருங்க, வீட்ல போயி. பின் வரிசையில ஒருத்தி களுக்குனு சிரிச்சுட்டா. சிரிச்சது எவளுன்னு தெரியல, தெரிஞ்சிருந்தா அவளுக்குக் குடுத்திருப்பேன். தெரியாததால எல்லாம் இவளுக்குப் போச்சு. அம்பது தடவை எழுதிட்டு வான்னேன், ‘இடதுக்கு மூணு, வலதுக்கு ரெண்டு’ன்னு. மறுநாள் கொண்டாந்து நீட்டுறா, அம்பதும் ஒரே சீரா, குண்டு குண்டா, ஒரு அடித்தல் இல்ல. அழவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

எங்க ஸ்கூல்ல தத்துன்னு ஒண்ணு உண்டு. ஒரு டீச்சருக்கு அஞ்சு புள்ளைன்னு எழுதிக் குடுத்துருவாங்க. அந்த அஞ்சும் பாஸ் பண்றது நம்ம பொறுப்பு. அது மக்குப் புள்ளைகளுக்குத்தான். நான் ஹெச்செம்மம்மாகிட்டச் சொல்லி நாகஜோதியை என் லிஸ்ட்டுல போட்டேன். நல்லாப் படிக்கற புள்ளையை எதுக்குங்கன்னு கேட்டாங்க. தறிகெட்டுப் போகுதும்மா, தானாப் படிச்சுத் தப்புத்தப்பாப் புரிஞ்சுக்குதுன்னு சொன்னேன். அதோட விலங்கியல் புத்தகத்தை வாங்கி என் பீரோவுல வச்சுப் பூட்டுனேன். பரீட்சை முடியற வரைக்கும் நோட்ஸ் மட்டும்தான்னு சொல்லிட்டேன். அவ நல்லதுக்குத்தாம்மா. ரெண்டு தோணியில கால் வச்சா எதுல போறது?

மத்தியானம் சாப்புட்டதும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துரணும். சாயங்காலம் மணி அடிச்சதும் வந்துரணும். செவுத்தைப் பாத்துப் போட்ட பெஞ்சு, அதுல உக்காந்து ஒப்பிக்கணும், நான் பேப்பர் திருத்திக்கிட்டே கேட்டுக்குவேன். முதல் பத்து நாள் முரண்டு பிடிச்சா. ஒப்பிக்கும்போது நடுவுல நிறுத்திட்டு அப்படியே செவுத்தைப் பாப்பா. என்னடீன்னா ஒண்ணுமில்ல டீச்சர்ம்பா. ஜன்னலுக்கு வெளிய மத்த புள்ளைக பஸ்ஸுக்கு ஓடும், அதைப் பாப்பா. ஏன் டீச்சர், நான் இதைப் படிச்சுட்டேனே, வீட்டுக்குப் போகவான்னு ஒரு நாள் கேட்டா. படிச்சது வேற, பழகுறது வேறன்னு உக்கார வச்சேன்.

அப்புறம் வழிக்கு வந்துட்டா. தீவாளிக்குப் பொறவு கேள்வி கேக்கறதே நின்னு போச்சு. எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஓரத்துல எழுதற பழக்கமும் போச்சு. நோட்ஸை எங்க தொட்டாலும் சொல்லுவா, எத்தனாவது பக்கம், எத்தனாவது வரின்னு. அரைப் பரீட்சையில கிளாஸ்ல முதல் மார்க்கு. ஒரு நாள் என்கிட்ட வந்து, டீச்சர், மத்த பாடத்துக்கும் இப்படி நோட்ஸ் இருந்தா நல்லா இருக்கும்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா. ஒரு புள்ளையை வளைச்சு நிமித்திட்டோம்னு ஒரு சந்தோசம் இருக்கே, அதை இந்த வேலையில இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

பாத்தீங்களா, நின்னுருச்சு. சொன்னேன்ல. முன்னாடி லாரி, பின்னாடி லாரி. கதவுப்பக்கம் வேற கூட்டம். இறங்கி நடக்கக்கூட முடியாது. தண்ணி வேணுமா? குடிங்க, நான் வாய் வைக்கல.

மார்ச்சுல பரீட்சை. இதயம் கேட்டுட்டான், அஞ்சு மார்க்கு, படம் வரைந்து பாகங்களைக் குறி. ஹாலை விட்டு வெளிய வந்து புள்ளைகெல்லாம் என்னைச் சுத்திக்கிட்டுக் குதிக்குது. நாகஜோதி தூரத்துல நின்னு சிரிச்சா. ரெண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி எல்லாருக்கும் குடுத்தேன்.

இப்ப பேப்பர் திருத்துற கேம்ப். திண்டுக்கல்ல ஒரு ஸ்கூல்ல போட்டிருக்காங்க. இன்னிக்கு நாலாவது நாள், அங்க இருந்துதான் வர்றேன். உள்ள போனா கேட்டைச் சாத்திருவாங்க. போனை வாங்கி உறையில போட்டு நம்பர் ஒட்டி வச்சுக்குவாங்க. காலையில பன்னெண்டு பேப்பர், மத்தியானம் பன்னெண்டு பேப்பர், முடிக்காம எந்திரிக்க முடியாது. ஒரு டேபிளுக்கு ஆறு பேரு, மேல ஒரு சீஃப். எங்க சீஃப் துரைப்பாண்டின்னு ஒரு சாரு, நல்லா தமாசாப் பேசுவாரு. நம்ம மாவட்டத்துப் பேப்பர் நமக்கு வராது. எந்த ஊரு, எந்த ஸ்கூல், ஒண்ணும் தெரியாது, வெறும் நம்பர்தான்.

முதல் நாள் காலையில சீஃப் விடைக்குறிப்பை வாசிக்கறாரு. எதுக்கு எவ்வளவு மார்க்குன்னு அதுலதான் இருக்கும். இதயம் வந்துச்சு. வலது பக்கம் மூவிதழ் வால்வு, இடது பக்கம் ஈரிதழ் வால்வுன்னு வாசிச்சாரு. மாத்தி வாசிக்கறாரேன்னு நான் கையைத் தூக்கப் போனேன். பக்கத்துல இருந்த டீச்சர் புத்தகத்தைத் தெறந்து சரிபாத்துக்கிட்டு இருந்தாங்க. என் கண்ணு அதுல போச்சு. தூக்குன கையை அப்படியே கொண்டுபோயி முடியை ஒதுக்கிக்கிட்டேன்.

கொஞ்சம் என் பக்கம் திரும்புங்க. எதிர்ல இருக்கற மாதிரி. இப்ப என் வலக்கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு? இடப் பக்கம்ல. அவ்வளவுதாம்மா விசயம். படத்துல நம்ம இடது கைப் பக்கம் இருக்கறது இதயத்தோட வலது. அது எனக்குத் தெரியாதா? எம்.எஸ்ஸி படிச்சவ. டைனிங் டேபிள்ல உக்காந்து அவசர அவசரமாப் படத்தைப் போட்டப்ப, பேப்பருக்கு இடது பக்கம் ‘இடது’ன்னு எழுதிட்டேன், வலது பக்கம் ‘வலது’ன்னு எழுதிட்டேன். அம்புட்டுத்தான். அதைப் பாத்து சுருக்கு எழுதுனேன். அதுக்கப்புறம் புத்தகத்தை நான் தெறக்கவே இல்ல. நோட்ஸ் இருக்கும்போது புத்தகத்தை யாரு தெறப்பா? நானும் தெறக்கல, என் புள்ளைகளும் தெறக்கல. தெறந்தது ஒருத்திதான்.

அன்னிக்கு மூணாவது பேப்பர். இதயம் அழகாப் போட்டிருக்கு, எந்த ஊரு புள்ளையோ. ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்துல எழுதியிருக்கு, இடதுக்கு மூணு, வலதுக்கு ரெண்டுன்னு. மறந்துரக் கூடாதுன்னு உக்காந்ததும் எழுதி வச்சிருக்கு போல. மிச்சப் பேப்பரையும் அப்பவே பொரட்டிப் பாத்தேன். பன்னெண்டு பேப்பர்ல ஏழு பேப்பர் அப்படி. பாத்தே இராத புள்ளைக, என் தப்பை அப்படியே, ஒரு புள்ளி மாறாம எழுதியிருக்கு.

படத்துக்கு ரெண்டு, பாகத்துக்கு மூணு. பாகம் தப்புன்னா மூணும் போச்சு. எனக்கு மனசு வரல. அந்த மூணாவது பேப்பருக்கு அஞ்சும் போட்டுட்டேன். சீஃப் மறுபடி பாப்பாருல்ல, பாத்துட்டாரு. “என்ன டீச்சர், பாகம் பூராம் தப்பா இருக்கு, அஞ்சு போட்டிருக்கீங்க?” கவனிக்கல சார்னேன். அவரு டேபிள்ல இருக்கறவங்களைப் பாத்து சொன்னாரு, “எல்லா டேபிள்லயும் இதே படம்தான் வருதாம். புத்தகத்தைத் தெறந்தே பாக்காத எவனோ ஒரு அறிவாளி நோட்ஸ் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கான்.” எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்ம்மா. மத்தவங்களை விட சத்தமாவே சிரிச்சேன்.

பேரை வெட்டிட்டு அனுப்புனாங்களே, அவங்க காலைத் தொட்டுக் கும்புடணும் போல இருந்துச்சு. நாலு நாளா செவப்பு மையால என் வரியை நானே அடிச்சுக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சு வெளிய போகவும் முடியாது, உடம்புக்கு முடியலேன்னா டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. க்ரூப்ல ஒரு திருத்தம் போடலாம்னு சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் டைப் பண்ணுவேன். அப்புறம் அழிச்சிருவேன். என் டேபிள்ல இருக்கற ரெண்டு பேரு அந்த க்ரூப்ல இருக்காங்க, எங்க ஹெச்செம்மம்மா இருக்காங்க. பரீட்சையே முடிஞ்சு போச்சு, இனிமே திருத்தம் போட்டு யாருக்கு என்ன ஆகப் போகுது? நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது. உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்க யாரோ நான் யாரோ, நீங்க பழனி போறவங்க.

என் புள்ளைக நாப்பத்தாறு பேப்பரும் இந்நேரம் எந்த மாவட்டத்துலயோ, எந்த டேபிள்லயோ கெடக்கு. அதுல நாப்பத்தஞ்சுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது, அதுகளுக்கு வேற தெரியாது. ஆனா இவளுக்குத் தெரியும். இவளுக்குச் சரியாத் தெரியும். நேத்துக் காலையில கேம்புக்குள்ள போறதுக்கு முன்னாடி, பஸ் ஸ்டாண்டு பிள்ளையார் முன்னால நின்னு கும்புட்டேன். என் சர்வீஸ்லயே முதல் தடவையா, ஒரு புள்ள என் பேச்சைக் கேக்காம இருந்திருக்கணும்னு கும்புட்டேன். அவ வீம்புக்காரிதான, உள்ளுக்குள்ள அந்த வீம்பு கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்கும்ல, பரீட்சை ஹால்ல நான் இல்லையே, என்னை ஏமாத்திட்டுப் புத்தகத்துல இருந்தபடி எழுதியிருப்பான்னு. எழுதியிருந்தா எனக்கு நல்லாக் கோவம் வரும். அதுவும் தெரியும். என்னை நம்பலேல்லன்னு மனசு சுடும். சுட்டா சுட்டுட்டுப் போகுது.

கேட்டுர வேண்டியதுதானங்கறீங்களா. நாலு நாளா நம்பரை எடுத்து எடுத்துப் பாக்கறேன், அமுக்க வரல. இன்னிக்கு போனைக் கையில வாங்குனா அவளே ரெண்டு தடவை கூப்புட்டிருக்கா. பஸ் ஏறுறதுக்கு முன்னாடிதான் பேசுனேன், நீங்க ஏறுனீங்களே, அதுக்குப் பத்து நிமிசம் முன்ன.

நல்லா இருக்கீங்களா டீச்சர்னா. நல்லா இருக்கேன்னேன். சுத்தி வளைக்காம கேட்டேன், “இதயம் கேட்டிருந்தான்ல, எப்படி எழுதுன?”

“நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன் டீச்சர். முதல்ல கை புத்தகத்துல இருந்த மாதிரி போயிருச்சு. பாகம் எல்லாம் அப்படியே குறிச்சுட்டேன். அப்புறம் ஞாபகம் வந்து, எல்லாத்தையும் அழிச்சுட்டு நோட்ஸ்படி எழுதிட்டேன்.”

பஸ் ஸ்டாண்டுல சத்தம். எனக்குக் காதுல விழுகாத மாதிரி மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னா. எதுக்குடி அழிச்சன்னு கேட்டுட்டேன், வாய் தவறி வந்துருச்சு.

“நானாப் புரிஞ்சுக்கறதெல்லாம் தப்பாத்தான டீச்சர் போகுது” அப்படிங்கறா. கோவமாச் சொல்லலம்மா. குத்திக் காட்டவும் இல்ல. நம்ம வீட்டு அட்ரஸைச் சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா.

சொல்லியிருக்கலாம். நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்தை. வாயைத் தெறந்தேன், சத்தியமாத் தெறந்தேன். அதுக்குள்ள அவ எதுக்குக் கூப்புட்டாளோ அதைச் சொல்ல ஆரம்பிச்சுட்டா. பன்னெண்டாவது புத்தகம் குடுத்துட்டாங்களாம். இவ வாங்கிட்டுப் போயி வீட்ல வச்சிருக்கா. எட்டு நாள் ஆச்சு டீச்சர், நான் இன்னும் பிரிச்சே பாக்கல, தப்பா எதையாவது படிச்சுருவேனோன்னு பயமா இருக்கு, உங்க நோட்ஸ் எப்ப டீச்சர் வரும், அது வந்ததும் படிக்க ஆரம்பிக்கறேன், அதுவரைக்கும் பிரிக்காம இருக்கட்டுமான்னு கேக்கறா.

இந்த பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சுட்டான், நான் ஏறணும். சரி, பிரிக்காதன்னு சொல்லிட்டேன்.